சித்தப்பாவுக்குத் தலையில் அடி: ஆம்புலன்ஸ், தனியார், அரசு மூன்றுக்கும் என் மார்க்

போன வாரம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு மாதமாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், அவர்களே கேட்டுவிட்டார்கள், சரி, எழுதிவிடலாம். ஆனால் அவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். அன்று ராத்திரி சித்தப்பாவை முதலில் 108 பார்த்தது, அப்புறம் அந்தத் தனியார், கடைசியாக அரசு மருத்துவமனை. மூன்றுக்கும் சேர்த்தே மார்க் போடுகிறேன். ஆஸ்பத்திரிகளின் பெயரோ ஊரோ போடவில்லை. வக்கீலுக்குப் படித்த மச்சான் ஒருவர் இருக்கிறார், போடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஏ.சி. இருந்ததா, கேன்டீன் டீ நன்றாக இருந்ததா என்பதையெல்லாம் நான் பார்க்கப் போவதில்லை. தலையில் அடிபட்டவருக்கு நினைவு எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தார்களா, பார்த்ததை நேரத்தோடு எழுதினார்களா, எழுதியது அடுத்த கைக்குப் போய்ச் சேர்ந்ததா, இவ்வளவுதான் என் கணக்கு. இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம் இல்லை. கோயம்புத்தூரில் ஐ.சி.யூ. நர்ஸாக இருக்கும் என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, அன்று ராத்திரி முழுக்க போனில் இருந்தாள், பாதி அவள் சொல்லித் தெரிந்தது, மீதி அப்புறம் நானே தோண்டித் துருவிப் படித்தது.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் முதல் வாரம், ஆடி மாசம், காங்கேயம் பக்கம் ஒரு கெடா விருந்து. சித்தப்பாவுக்கு 47 வயது. சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் குடித்துவிட்டு, ஹெல்மெட் இல்லாமல் டி.வி.எஸ். எக்ஸெலில் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறார். குறுக்கே நாய் வந்தது என்கிறார்கள். டீக்கடை முன்னால் ஒன்பது நாற்பதுக்கு விழுந்தார், இடது பொட்டுக்கு மேலே அடி. கடைக்காரர் எனக்குப் போன் போட்டு நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஒரு கூட்டமே கூடி, ஒருவர் முகத்தில் சோடா அடித்திருக்கிறார், இன்னொருவர் வலிப்பு வந்துவிடும் என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார், குடிக்கத் தண்ணீர் வேறு கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். டீ மாஸ்டராக இருந்த பையன்தான் தண்ணீரைத் தட்டிவிட்டு, ஆளைத் தூக்கி உட்கார வைக்க விடாமல் நிறுத்திவிட்டு, 108-க்கு அடித்தானாம். அந்தப் பையனுக்கு மார்க் போட இங்கே இடமில்லை, இருந்தால் ஐந்துக்கு ஆறு.

நான் போனபோது சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் வந்தது. "வண்டி எங்கே?" என்றார். அதோ நிற்கிறது சித்தப்பா என்றேன். அரை நிமிஷம் கழித்து மறுபடி "வண்டி எங்கே?" பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். நாங்கள் அதைப் போதைக் கணக்கில் எழுதிவிட்டோம். பேசுகிறாரே, அப்புறம் என்ன என்றுதான் எல்லாரும் நினைத்தோம், சித்தியிடம் போனில் "ஒண்ணுமில்ல, பேசுறாரு" என்று சொன்னதும் நான்தான்.

ஆம்புலன்ஸ் பத்து மணி வாக்கில் வந்தது. 108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது, ஆனால் உள்ளே உட்கார்ந்து போனது எனக்கு அன்றுதான் முதல் தடவை. ஒரு பைலட், அதாவது டிரைவர், ஒரு இ.எம்.டி., அதாவது அவசர சிகிச்சை டெக்னீஷியன். அந்த இ.எம்.டி. பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். வந்தவுடன் ஆளைத் தொடவில்லை, ஒரு நாலைந்து நொடி சும்மா நின்று பார்த்தார். எனக்கு எரிச்சல், என்னம்மா வேடிக்கை பார்க்கிறாய் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. தானாகக் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார் என்பது அக்கா சொல்லித்தான் புரிந்தது. கூப்பிட்டுவிட்டால் அதைப் பார்க்க முடியாதல்லவா.

அப்புறம் தலை ஆடாமல் பைலட்டைப் பிடிக்கச் சொல்லிக் கழுத்துக்குக் காலர் மாட்டிக்கொண்டே, "ஐயா, கண்ணைத் திறந்து பாருங்க" என்றார். திறந்தார். பேர் கேட்டார், சரியாகச் சொன்னார். இப்போ எங்க இருக்கீங்க என்றதற்குத் "தோட்டத்துல" என்றார், நடுரோட்டில் படுத்துக்கொண்டு. என்ன மாசம் என்றதற்கு மறுபடி "வண்டி எங்கே?" அப்புறம், "என் கையைப் பிடிங்க, விடுங்க" என்றார். பிடித்தார், விட்டார். சும்மா பிடித்தால் போதாதாம், சொன்னவுடன் விடவும் வேண்டுமாம், கைக்குழந்தைகூட விரல் வைத்தால் பிடித்துக்கொள்ளும் இல்லையா. டார்ச் அடித்து இரண்டு கண் பாப்பாவும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்த்தார். விரலில் குத்தி சுகர் எடுத்தார். எனக்கு அதுவும் புரியவில்லை, தலையில் அடிபட்டவருக்கு எதற்கு சுகர் என்றேன். "வாசம் வருதுன்னு குடியிலேயே போட்டுடக் கூடாதுங்கண்ணா, சுகர் இறங்கினாலும் இப்படித்தான் பேசுவாங்க" என்றார்.

வண்டிக்குள் ஏறியதும் தாளில் எழுதினார். கண்ணுக்கு ஈ 3, பேச்சுக்கு வி 4, அசைவுக்கு எம் 6, மொத்தம் 15-க்கு 13, நேரம் 10.05. கீழே ஒரு வரி, விழுந்ததும் சுமார் இரண்டு நிமிடம் பேச்சில்லை என்று. அதைச் சொன்னது டீக்கடைப் பையன். என்னிடமோ சித்தியிடமோ கேட்டிருந்தால் இந்தத் தகவலே கிடைத்திருக்காது, கூட்டத்தில் யார் முதலில் பார்த்தது என்று தேடிப் பிடித்து அந்தப் பெண் கேட்டார். பத்தேகாலுக்கு, ஓடுகிற வண்டியில், இன்னொரு தடவை முதலிலிருந்து எல்லாம் கேட்டு எழுதினார். அதே 13. நான் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரிய முன்யோசனை எல்லாம் இல்லை, அவள் கேட்டாள், அனுப்பினேன், அவ்வளவுதான். 108-க்கு என் மார்க் ஐந்துக்கு ஐந்து. யோசித்துப் பார்த்தும் குறைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்து நடந்ததற்குப் பாதிப் பொறுப்பு எங்கள் மேல். ஸ்கேன் இருக்கிற பெரிய அரசு மருத்துவமனைக்கே போய்விடலாம் என்று அந்தப் பெண் சொன்னார், இரண்டு முறை சொன்னார். நாங்கள்தான், "அங்கெல்லாம் ராத்திரி யாருங்க பாப்பாங்க, டவுன்ல நமக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்குது" என்று அடம்பிடித்தோம். பெரியப்பா போனிலேயே சத்தம் போட்டார். பளபளவென்று கண்ணாடி போட்ட கட்டடம், சொந்தக்காரர் ஒருவர் பித்தப்பைக்கு அங்கே ஆபரேஷன் செய்துகொண்டார், அது ஒன்றுதான் எங்களிடம் இருந்த தகுதிச் சான்று. பித்தப்பைக்கும் மண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

10.25-க்கு அங்கே இறக்கினோம். இ.எம்.டி. தாளைக் கொடுத்து, வாயாலும் சொன்னார். ஈ இத்தனை, வி இத்தனை, எம் இத்தனை, இரண்டு நிமிடம் நினைவில்லை, சுகர் நார்மல், காலரைக் கழற்ற வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தவர் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தாளை ஒரு கிளிப்பில் மாட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தாளை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

டூட்டி டாக்டர் வந்தார், குனிந்தார், வாசம் அடித்தது, நிமிர்ந்தார். "டிரிங்க்ஸா? சரி, தூங்கட்டும், காலைல பாத்துக்கலாம்." இவ்வளவுதான் பரிசோதனை. வார்டு பையன் கன்னத்தில் தட்டி "ஏய், எந்திரி" என்றான். நினைவைப் பார்க்க வலி கொடுப்பது என்றால் கன்னத்தில் அறைவதோ நெஞ்செலும்பை முட்டியால் தேய்ப்பதோ இல்லையாம். விரல் நுனியில் பேனாவால் அழுத்தலாம், தோள்பட்டைத் தசையைக் கிள்ளிப் பிடிக்கலாம், புருவத்துக்குக் கீழே இருக்கும் எலும்புப் பள்ளத்தில் அழுத்தலாம், அதற்கென்று முறை இருக்கிறது, இது அக்காவின் பாடம். காலர் தூங்குவதற்குத் தொந்தரவு என்று அதையும் கழற்றிவிட்டார்கள். சித்தப்பா கையைக் காலை உதறிக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தார், டிரிப் ஊசியைப் பிடுங்கினார். உடனே ஒரு ஊசி. என்ன ஊசி என்று கேட்டேன், அமைதியாகத் தூங்குவார் என்றார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது என்று இப்போது தெரிகிறது. தலையில் அடிபட்டவர் திமிறுகிறார் என்றால் அதுவே ஒரு சேதி. உள்ளே ரத்தம் கசியலாம், ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம், சும்மா சிறுநீர் முட்டிக்கொண்டுகூட இருக்கலாம். அது எதுவென்று பார்க்காமல், நினைவு இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று குறித்தும் வைக்காமல் தூங்க வைத்துவிட்டால், அப்புறம் அவர் எழுந்திருக்காததற்குக் காரணம் ஊசியா, குடியா, மண்டைக்குள் நடப்பதா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஊசி போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சில சமயம் போட்டுத்தான் ஆக வேண்டும். போடுவதற்கு முன் அரை நிமிஷம் பார்த்து மூன்று எண்ணை எழுதுவதற்கு என்ன கேடு?

பதினொன்றரைக்கு வாந்தி எடுத்தார். குறட்டை வேறு, வழக்கமான குறட்டை இல்லை, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி. நர்ஸ் ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டார், பாவம், அந்த ராத்திரியில் அங்கே உருப்படியாக நடந்த ஒரே காரியம் அது. சித்திதான் முதலில் கவனித்தார். "கண்ணு, இந்தக் கை அசையவே மாட்டேங்குதே" என்றார். வலது கை. இடது கையால் போர்வையைத் தள்ளுகிறார், வலது கை கிடந்த இடத்தில் கிடக்கிறது. அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள், "வந்ததுலேருந்து எத்தனை தடவை ஜி.சி.எஸ். பாத்தாங்க?" ஜி.சி.எஸ். என்றால் கிளாஸ்கோ கோமா ஸ்கேல், அந்த இ.எம்.டி. பெண் எழுதிய ஈ, வி, எம் எண்கள்தான். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு வார்த்தை, "கான்ஷியஸ்". மேலே பி.பி., கீழே பல்ஸ், நடுவில் கான்ஷியஸ். நேரம்கூட இல்லை.

கான்ஷியஸ் என்று எழுதுவது வீட்டு வாசலில் நின்று "ஆள் இருக்கிறது" என்று சொல்வது மாதிரி. இருக்கிற ஆள் நின்றுகொண்டிருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்பது தெரிய வேண்டாமா?

ஸ்கேன் எடுங்கள் என்று சத்தம் போட்டேன். மெஷின் இருக்கிறது, டெக்னீஷியன் ஒன்பது மணிக்கே போய்விட்டார். அப்படியானால் பெரிய இடத்துக்குக் கொண்டு போங்கள் என்றார்கள், என்னவோ அது எங்களுக்கே தோன்றியிருக்க வேண்டிய யோசனை மாதிரி. பில் 14,200 ரூபாய். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் கொண்டுவந்த "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கிறதே, பட்டியலில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அது பொருந்துமே, நீங்கள் அதில் இருக்கிறீர்களா என்று கவுண்டரில் கேட்டேன். காலையில் மேனேஜரைக் கேளுங்கள் என்றார்கள். கட்டிவிட்டுத்தான் ஆளை எடுத்தோம். ரெஃபரல் சீட்டில் "தலைக்காயம், மது அருந்தியவர், கான்ஷியஸ்" என்று இருந்தது. போட்ட ஊசியின் பெயர் இல்லை, நேரம் இல்லை. அவர்கள் ஏற்பாடு செய்த ஆம்புலன்ஸில் டிரைவர் ஒருவர், ஸ்ட்ரெச்சர் தூக்க ஒரு பையன், அவ்வளவுதான். நாற்பத்தைந்து நிமிடம், உள்ளே சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டு வந்தது சித்தியும் நானும் மட்டும். ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஒருக்களித்துப் படுக்க வைத்த நர்ஸுக்கு.

அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. விபத்துப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், நேராகச் சிவப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டர் பெண்ணும் முதலில் நின்று பார்த்தார். அப்புறம் கூப்பிட்டார், கண் திறக்கவில்லை. சத்தமாகக் கூப்பிட்டார், இல்லை. விரல் நுனியில் அழுத்தினார், கண் லேசாகத் திறந்தது, முனகல் வந்தது. தோளைக் கிள்ளினார், இடது கை மேலே வந்து அவர் கையைத் தட்டிவிடப் பார்த்தது, வலது கை பேருக்குத்தான் அசைந்தது. ஈ 2, வி 2, எம் 5, மொத்தம் 9. ஒரு பக்கம் நன்றாக அசைந்து இன்னொரு பக்கம் அசையாவிட்டால் நன்றாக அசைகிற பக்கத்தைத்தான் எண்ணில் எழுத வேண்டுமாம், பலவீனத்தைத் தனியாகக் குறிக்க வேண்டுமாம். அவர் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜன் எழுதினார்.

அடுத்த கேள்வி, "என்ன ஊசி போட்டாங்க, எத்தனை மணிக்கு?" எங்களுக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரி நம்பருக்கு அவர்களே போன் போட்டுப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. 9 என்பது ஊசியின் வேலையா, ரத்தக்கசிவா? இடது கண் பாப்பா வலதைவிடப் பெரிதாக இருந்தது, டார்ச்சுக்கு மெதுவாகத்தான் சுருங்கியது, ஊசி ஒரு கண்ணில் மட்டும் வேலை செய்யாது என்றார். "ஆரம்பத்துல எப்படி இருந்தாரு?" என்று கேட்டபோதுதான் எனக்கு அந்த வாட்ஸ்அப் போட்டோ ஞாபகம் வந்தது. காட்டினேன். 10.05-க்கு 13, 10.15-க்கு 13, இப்போது 9. பாப்பா அப்போது இரண்டும் சமம். விழுந்ததும் இரண்டு நிமிடம் நினைவில்லை, அப்புறம் பேசினார். அந்த டாக்டர் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதினது? நல்லா எழுதியிருக்காங்க" என்றார். இரண்டு மார்க் குறைந்தாலே ஓட வேண்டும், இது நான்கு குறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஸ்கேனுக்குத் தள்ளினார்கள். இருபது நிமிடத்துக்குள் படம் வந்துவிட்டது.

பொட்டெலும்பில் விரிசல், அதற்கு அடியில் ஓடுகிற ரத்தக்குழாய் கிழிந்து எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது. எக்ஸ்ட்ராடியூரல் என்கிறார்கள். இதில் இருக்கிற பொல்லாத விஷயமே, அடிபட்டதும் கொஞ்சம் மயங்கி, அப்புறம் தெளிந்து நன்றாகப் பேசி, சில பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து, ரத்தம் சேரச் சேரத் திரும்ப மயங்குவது. எல்லாருக்கும் இப்படித் தெளிவு வருவதில்லை, சித்தப்பாவுக்கு வந்ததும் அரைகுறைத் தெளிவுதான். ஆனால் "பேசுறாரே" என்று நாங்கள் எல்லாரும் ஆறுதல் அடைந்தோமே, அந்த நேரம் முழுக்க உள்ளே கசிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் அழுத்தினால் வலது கை போகும், அழுத்துகிற அதே பக்கத்துக் கண் பாப்பா விரியும். இரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். சீக்கிரம் ரத்தத்தை எடுத்துவிட்டால் நன்றாகத் தேறக்கூடிய வகை என்று சொன்னார்கள், தாமதமானால் என்ன என்று நான் கேட்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த ஜி.சி.எஸ். பற்றியே ஒரு ரிவ்யூ எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் அதுதான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊர், அங்கே கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்று இரண்டு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1974-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் ஒருவர் அரைமயக்கம் என்பார், இன்னொருவர் ஆழ்மயக்கம் என்பார், இரண்டும் ஒன்றா வேறா என்று யாருக்கும் தெரியாது. இவர்கள், மயக்கத்துக்குப் பெயர் வைப்பதை விட்டுவிடுவோம், கண் எதற்குத் திறக்கிறது, வாய் என்ன பேசுகிறது, கை என்ன செய்கிறது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவோம் என்றார்கள். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முதலில் அசைவுக்கு 5 தான் இருந்ததாம், கொஞ்ச நாளில் ஒன்று கூட்டினார்கள். ஆக அதிகபட்சம் 15. குறைந்தது 3, பூஜ்யம் கிடையாது, செத்தவருக்கும் 3 தான். 13-லிருந்து 15 வரை லேசான காயம், 9-லிருந்து 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு டார்ச்சும் பேனாவும் இருந்தால் ஓடுகிற வண்டியிலும் பார்க்கலாம். ஐம்பது வருஷமாகியும் இதைத் தூக்கிப் போட ஆளில்லை.

குறை இல்லாமல் இல்லை. மொத்த எண்ணை மட்டும் சொன்னால் பாதி சேதி காணாமல் போகும். 13 என்றால் கண் குறைந்த 13-ஆ, பேச்சு குறைந்த 13-ஆ, இரண்டும் ஒன்றில்லை. கண் வீங்கி மூடியிருந்தால் கண்ணுக்கு எண் போட முடியாது, தொண்டையில் குழாய் போட்டிருந்தால் பேச்சுக்குப் போட முடியாது. அந்த இடத்தில் 1 என்று எழுதாமல் பார்க்க முடியவில்லை என்று எழுத வேண்டும் என்று 2014-ல் அவர்கள் புதுப்பித்த முறையில் சொல்லியிருக்கிறார்கள். முதல் வடிவில் கண் பாப்பாவுக்குக் கணக்கே இல்லை, 2018-ல்தான் டீஸ்டேலும் மற்றவர்களும் சேர்ந்து, வெளிச்சத்துக்கு அசையாத ஒவ்வொரு பாப்பாவுக்கும் மொத்தத்திலிருந்து ஒன்று கழிக்கிற மாதிரி ஒரு வகை கொண்டுவந்தார்கள். பேச்சு பார்க்க முடியாதவர்களுக்காக மூச்சையும் மூளைத்தண்டையும் பார்க்கிற ஃபோர் ஸ்கோர் என்று வேறொன்றும் 2005-லிருந்து இருக்கிறது, அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் உருவாக்கியது.

இன்னொரு குறை மொழி. இதை நான் அந்த வார்டிலேயே கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிற ஒடிசாப் பையன் ஒருவன், மாடிப்படியில் உருண்டு விழுந்தவன். தமிழில் பேர் கேட்டார்கள், சொன்னான். என்ன மாசம் என்றார்கள், விழித்தான், ஏதோ முணுமுணுத்தான். குழப்பம், வி 4 என்று எழுதிவிட்டார்கள். சாயங்காலம் அவனோடு வேலை செய்கிற இன்னொரு பையன் வந்து ஒடியாவில் கேட்டான், தேதி, ஊர், மில் பேர், ஷிப்ட் நேரம் எல்லாம் கடகடவென்று வந்தது. ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்து வி 5 என்று எழுதி, பக்கத்தில் "மொழி தெரிந்தவர் மூலம் கேட்டது" என்றும் எழுதினார். ஸ்கேலுக்கு நாலரை. அரை மார்க் குறைத்தது அந்தப் பையனுக்காக.

ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் சித்தப்பாவை மணிக்கு ஒரு தடவை பார்த்தார்கள், முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை. தொண்டையில் குழாய், அதனால் பேச்சு இடத்தில் எண் இல்லாமல் "டி" என்று ஒரு எழுத்து. எங்களைக் காலையும் மாலையும் ஐந்து நிமிடம்தான் உள்ளே விட்டார்கள், நான் சித்தப்பாவைப் பார்த்ததைவிட அந்த சார்ட்டைப் பார்த்ததுதான் அதிகம். புள்ளி புள்ளியாக ஒரு கோடு, எம் 5-லிருந்து 6-க்கு ஏறிய அன்று காலையில் சித்தி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார். வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறதென்று புரியவில்லை. சொன்னதைச் செய்கிறார் என்று அர்த்தம், கையைப் பிடி என்றால் பிடிக்கிறார், விடு என்றால் விடுகிறார்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஹவுஸ் சர்ஜன் தம்பி வந்து பேர் கேட்டார், சொன்னார். எங்கே இருக்கீங்க, "ஆஸ்பத்திரி". என்ன மாசம்? சித்தப்பா குரல் கரகரக்க "ஆடி" என்றார். அந்தத் தம்பி ஆகஸ்ட் என்ற பதிலுக்குக் காத்திருந்தார் போல, பேனா தாள்மேல் நின்றது. பின்னாலிருந்த ஸ்டாஃப் நர்ஸ், "அது கரெக்ட்தான் டாக்டர், ஆடி பதினெட்டு முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆச்சு" என்றார். எல்லாரும் சிரித்தோம், 15 போட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆட்களிடம் இங்கிலீஷ் மாசம் கேட்டால் நல்ல நாளிலேயே பாதிப் பேர் பெயில்.

அரசு மருத்துவமனைக்கு ஐந்துக்கு நாலு. ஒன்று ஏன் குறைத்தேன் என்றால், ஐ.சி.யூ.விலிருந்து பொது வார்டுக்கு மாற்றியதும் அந்தக் கவனம் பாதியாகிவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியது சில நேரம் நாலு மணிக்கு ஒரு தடவை ஆனது. ஒரு நர்ஸ், எண்ண முடியாத கட்டில், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மார்க் என்னவோ குறையத்தான் செய்யும். வெளியே உட்கார இடம் கிடையாது, நான் மூன்று ராத்திரி பேப்பர் விரித்து வராந்தாவில் படுத்தேன், கொசுவைப் பற்றித் தனியாக ஒரு ரிவ்யூ எழுதலாம். காசு? ஆபரேஷனுக்கும் ஸ்கேனுக்கும் ஒரு பைசா கேட்கவில்லை.

சித்தப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். வலது கைப்பிடி இன்னும் முழுதாக வரவில்லை, ரப்பர் பந்தை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார், பழைய பேச்சு எல்லாம் வந்துவிட்டது, கோபம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அன்று ராத்திரியில் விருந்தில் சாப்பிட்டது வரைதான் ஞாபகம். நாய் வந்ததா என்றே அவருக்குத் தெரியாது.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், நட்சத்திரம் கேட்டவர்கள் அவர்கள்தானே. சிகிச்சை விவரத்தை நோயாளி தரப்பு எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட விதியில் இருக்கிறது. வக்கீல் மச்சான் சொல்லி எழுதிக் கொடுத்தேன். 72 மணி நேரம் பத்தொன்பது நாளானது. நாலு தடவை நடந்த பிறகு ஒரு கவர் வந்தது, உள்ளே அழகாக டைப் அடித்த இரண்டு பக்கம், மேலே கலர் லோகோ. ஊசியின் பெயர் அதிலும் இல்லை. வந்தபோது நோயாளியின் நிலை என்ற இடத்தில், நேரம் இரவு 10.30, ஜி.சி.எஸ். 15/15 என்று இருக்கிறது. அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்த தாள் என் போனில் இருக்கிறது, 13 என்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அந்த எஸ்.எம்.எஸ்.ஸில் இருந்த லிங்க்கில் ஏற்றப் பார்த்தேன். படம் சேர்க்க வசதி இல்லை, நட்சத்திரம் மட்டும்தான் போட முடியும் என்கிறது.